3,000 வெள்ளி கையில் இருக்கிறது: பிசியா, பிஎஸ்5ஆ, ஸ்டீம் டெக்கா?

செந்தூல் ராத்திரி:

எல்லாருக்கும் வணக்கம். செந்தூலில் இருக்கிறேன், 26 வயது, ஏர்கான் சர்வீஸ் வேலை. இந்த வருடம் போனஸ் கொஞ்சம் நன்றாக வந்தது. வீட்டுச் செலவு, அப்பாவின் காருக்கு டயர் எல்லாம் போக 3,000 வெள்ளியை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். விளையாட ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

பள்ளிக்கூட வயதில் சி.சி.யில் (சைபர் கபேயில்) உட்கார்ந்து ஆடியதுதான். அப்புறம் கைப்பேசியில் மொபைல் லெஜெண்ட்ஸ். வேலையிடத்தில் ஓர் அண்ணன், டிவியில் மாட்டி ஆடும் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கு என்கிறார். கூட்டாளி ஒருவன், கையில் பிடித்து ஆடும் ஸ்டீம் டெக் வாங்கினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேனிலேயே ஆடலாம் என்கிறான். கணினிக் கடைகள் இருக்கும் லோயாட் பிளாசாவுக்குப் போனால் கலர் கலராக விளக்கு எரியும் பிசியைக் காட்டித் தவணை பேசுகிறார்கள். யூடியூபில் பார்த்தால் 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவன் காசைக் குப்பையில் போடுகிறான் என்கிறார்கள். தலை சுற்றுகிறது.

வீட்டில் அப்பாவும், படிவம் நான்கு படிக்கும் தங்கச்சியும். ஹாலில் 43 அங்குல டிவி இருக்கிறது. ரொம்ப காலமாக ஆடுகிறவர்கள் சொல்லுங்கள். பழையது வாங்கலாமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?


ஜெலுத்தோங் ஜாய்ஸ்டிக்:

தம்பி, முதலில் எனக்கு இரண்டு பதில் சொல். என்ன ஆடப்போகிறாய்? யாரோடு ஆடப்போகிறாய்? நீ எழுதியதில் மெஷின் பெயர் மூன்று இருக்கிறது. விளையாட்டின் பெயர் ஒன்றே ஒன்று, அதுவும் கைப்பேசியில் ஓடுவது. மெஷினை வாங்கிவிட்டு அப்புறம் விளையாட்டைத் தேடுகிறவர்கள் சில மாதத்திலேயே அதை விற்பனைக்குப் போட்டுவிடுகிறார்கள். ‘அதிகம் பயன்படுத்தவில்லை, நேரமில்லை’ என்று விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். உன் போனஸ் அப்படிப் போகக் கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

நான் டிவியில் கார்ட்ரிட்ஜ் சொருகி ஆடும் மைக்ரோ ஜீனியஸ் காலத்து ஆள். பினாங்கு கொம்தாரில் அப்பா வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. 1972இல் சிப் செய்யும் இண்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது அங்கேதான். ஏஎம்டியும் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ அம்மாக்கள் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துச் சிப்புகளைச் சோதித்தவர்கள். சிப் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து கண் எரிகிறது என்று அம்மா ஈரத்துணி போட்டுப் படுத்திருப்பதுதான். அதனால் எந்த மெஷினையும் நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். ஆனால் அதை விற்க ஊதிவிடும் பேச்சை நம்பவும் மாட்டேன்.

பிஎஸ்1 ஜப்பானில் வந்தது 1994 டிசம்பர். பிஎஸ்2 வந்தது 2000 மார்ச். நடுவில் ஐந்து வருடம் சொச்சம். வின்னிங் இலெவனை முதலாவதில் ஆடிவிட்டு இரண்டாவதில் ஆடியபோது விளையாட்டே மாறியிருந்தது. பந்தின் எடை கைக்குத் தெரிந்தது, ஆட்டக்காரன் திரும்பும்போது உடம்பும் சேர்ந்து திரும்பியது. அது தாவல். அடுத்து பிஎஸ்4 2013, பிஎஸ்5 2020. ஏழு வருடம். ஆனால் கிரான் டூரிஸ்மோ 7, காட் ஆஃப் வார் ராக்னரோக் இரண்டும் 2022இல் இரண்டு மெஷினுக்குமே வந்தன. சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் உன் அப்பாவிடம் எது எதில் ஓடுகிறது என்று கேட்டுப் பார், சொல்வது கஷ்டம். படத்தின் அழகுக்காகப் புதியதை வாங்கு என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. பழையதைத் தைரியமாக வாங்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

கைக்குத் தெரிவது தாமதம். விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடினால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 33 மில்லி விநாடி. 60 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 17. 120 என்றால் 8. கணக்கைப் பார். 30இலிருந்து 60க்குப் போனால் 16 மில்லி விநாடி மிச்சம். அங்கிருந்து 120க்குப் போனால் 8தான் மிச்சம். அதைத் தாண்டி 240க்குப் போனால் 4. காசு மட்டும் ஒவ்வொரு படியிலும் ஏறிக்கொண்டே போகும். 60 நிலையாகக் கிடைத்தால் கதை விளையாட்டு, பந்து, கார், எல்லாவற்றுக்கும் போதும். போட்டியாகச் சுடும் விளையாட்டு ஆடுகிறவனுக்கு 144 ஹெர்ட்ஸ் திரை நல்லது. அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை.

உன் டிவியைப் பற்றி ஒன்று. டிவி உள்ளே படத்தை மெருகேற்றும் வேலை நடந்துகொண்டே இருக்கும். அசைவை வழவழப்பாக்குவது, நிறத்தைத் தூக்கிக் காட்டுவது என்று. அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரமெல்லாம் நீ பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் நடுவே வந்து உட்காரும். செட்டிங்கில் ‘கேம் மோட்’ என்று இருக்கும், அதைப் போட்டால் அந்த வேலையில் பெரும்பகுதி நின்றுவிடும். என் அண்ணன் பிள்ளைகள் கண்ட்ரோலர் கெட்டுவிட்டது, குதிக்கச் சொன்னால் லேட்டாகக் குதிக்கிறது என்று புதிது கேட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய் டிவி ரிமோட்டை எடுத்து அந்த ஒன்றைத்தான் மாற்றினேன். பெரியவள் இரண்டு தடவை குதிக்க வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். புதுக் கண்ட்ரோலர் பேச்சு அத்தோடு போயிற்று.

கண்ட்ரோலருக்கு வருவோம். இன்று விற்கும் பெரும்பாலான கண்ட்ரோலரின் ஸ்டிக்குக்குள்ளே ஒரு கரித்தடமும் அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு சின்ன உலோக நாக்கும் இருக்கும். உரச உரசத் தடம் தேயும். தேய்ந்தால் நீ தொடாமலே ஆள் தானாக நடப்பான். அதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். இதற்குத் தீர்வு புதிதல்ல. காந்தத்தை வைத்து ஒன்றையொன்று தொடாமலே அளக்கும் ஹால் எஃபெக்ட் முறை, 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இருந்தது. இப்போது நடுத்தர விலையிலேயே ஹால் எஃபெக்ட் கண்ட்ரோலர் கிடைக்கிறது. பிசிக்கு வாங்கினால் அதை வாங்கு. இந்த ஒரு விஷயத்தில் பெரிய கம்பெனிகள் எல்லாம் இவ்வளவு காலம் இழுத்தடிப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிறது. தேயும் என்று தெரிந்த பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள்.

நம் ஊர் ஈரத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை வெளிநாட்டு யூடியூபர் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார். மவுஸ், கண்ட்ரோலர், ஹெட்செட் வாங்கும்போது தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருக்கும் மேல்பூச்சு போட்டதை வாங்காதே. கடையில் தொட ரொம்ப சுகமாக இருக்கும். அந்தப் பூச்சு பாலியூரித்தேன், காற்றில் இருக்கும் ஈரம் பட்டுப் பட்டுச் சிதைந்துவிடும். சில வருடத்தில் கையில் ஒட்ட ஆரம்பிக்கும், தூசி அதில் படிந்து கறுப்பாகும், துடைத்தால் விரலோடு வரும். பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாலும் அதே கதிதான். ஹெட்செட்டின் காது மெத்தையில் போர்த்தியிருக்கும் போலித் தோலும் அதே சாதி. கறுப்புச் செதில் செதிலாக உதிர்ந்து காதிலும் கழுத்திலும் ஒட்டிக்கொள்ளும். என் வீடு ஜெலுத்தோங்கில் கடல் பக்கம், இன்னும் சீக்கிரம் போகும். சொரசொரப்பான வெறும் பிளாஸ்டிக் மவுஸ், துணி போர்த்திய காது மெத்தை, இந்த இரண்டும் நம் வீடுகளில் நாள்பட உழைக்கும்.

அப்புறம் சொந்தம் என்ற விஷயம். டிஸ்க் போடும் பிஎஸ்5 வாங்கினால் முடித்த விளையாட்டை விற்கலாம், கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் டிரைவ் மாட்டாத மாடலில் அந்தக் கதவு மூடியது. முழுக்க சர்வரை நம்பி ஓடும் விளையாட்டுக்கு முழு விலை கொடுக்கும் முன் யோசி. தி க்ரூ என்ற கார் விளையாட்டு 2014இல் வந்தது, 2024 மார்ச் கடைசியில் சர்வரை மூடினார்கள், காசு கொடுத்து வாங்கியவர்கள்கூடத் தனியாக ஓட்டிப் பார்க்க முடியவில்லை. கான்கார்டு இன்னும் மோசம். 2024 ஆகஸ்ட் 23 வெளியீடு, செப்டம்பர் 6 மூடல். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம், அந்த விளையாட்டு இப்போது எங்கும் இல்லை. இந்தப் பக்கம் பழைய மைக்ரோ ஜீனியஸ் கார்ட்ரிட்ஜை இன்றைக்கும் சொருகினால் ஓடுகிறது. விளையாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

உன் பதில் வரட்டும், மெஷினைப் பிறகு பேசலாம்.


பூச்சோங் மிட்லேன்:

அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். டிஸ்க் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் டோட்டா ஆடுகிறவள், அணிக்கு ஐந்து பேராக இணையத்தில் மோதும் பிசி விளையாட்டு. என் விளையாட்டு முழுக்க சர்வரில்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் எனக்கு இத்தனை கூட்டாளிகளைக் கொடுத்தது. 2013இல் சியாட்டிலில் நடந்த டோட்டா உலகப் போட்டியான தி இண்டர்நேஷனலில் நம் ஊர் முஷியின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் பிடித்தபோது நம் ஊர் சி.சி.க்களில் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2018 நவம்பரில் கோலாலம்பூர் மேஜர் என்ற டோட்டா போட்டி புக்கிட் ஜாலில் ஆக்சியாட்டா அரேனாவில் நடந்தது, அங்கே போய் உட்கார்ந்து கத்தியிருக்கிறேன். தம்பி மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடுவதால் சொல்கிறேன், அதன் முதல் உலகப் போட்டியும் 2019இல் அதே அரங்கில்தான் முடிந்தது. டிஸ்க் கையில் இருந்தால்தான் சொந்தம் என்றில்லை அண்ணே.

தம்பிக்கு என் ஓட்டு பிசிக்கு. பிஎஸ்5இல் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை இணையத்தில் மற்றவர்களோடு ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். இலவச விளையாட்டுகளுக்குத் தேவையில்லை, மற்றதற்குக் கட்டாயம். பிசியில் அந்தச் செலவு கிடையாது. விளையாட்டு விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விலையும் ரிங்கிட்டிலேயே வருகிறது. படிவம் நான்கு படிக்கிற தங்கச்சிக்குப் பாட வேலைக்கும் ஆகும்.

பழைய பிசி வாங்கினால் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பிராசசர் இண்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசை, அதற்குக் கீழே போகாதே. வெலரண்ட் என்ற சுடும் விளையாட்டை ஆடும் எண்ணம் இருந்தால் அது இன்னும் கறார். ஸ்டீம் டெக்கில் ஓடுவது லினக்ஸ், வெலரண்ட் அதில் ஓடாது. தவிர, டெக்கைச் செய்யும் வால்வ் கம்பெனி அதை நேரடியாக நம் நாட்டில் விற்பதில்லை. கடைக்காரர் இறக்குமதி செய்து விற்பதுதான், வாரண்டி என்றால் அந்தக் கடைக்காரர் கொடுக்கிற வாரண்டி. 3,000 வெள்ளிக்கு அது எனக்குப் பயமாக இருக்கிறது.


செந்தூல் ராத்திரி:

அண்ணே, அக்கா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு ரொம்ப நன்றி. ராத்திரி அண்ணன் கேட்ட இரண்டு கேள்வியைத் தங்கச்சியிடமும் கேட்டேன்.

நான்: பழைய சி.சி. கூட்டாளிகள் நாலு பேர் இன்னும் டோட்டா ஆடுகிறார்கள், சனிக்கிழமை ராத்திரி. அவர்களோடு சேர வேண்டும். பந்து விளையாட்டும் பிடிக்கும், ஆனால் அது கட்டாயமில்லை.

தங்கச்சி: கைப்பேசியில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டை ஆடுகிறாள், அதை என்னோடு சேர்ந்து ஆட வேண்டுமாம். ‘நீ ரூம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடும் மெஷின் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாள். 

வேனில் ஆடுவது என்பது சும்மா பேச்சுதான். மதியம் சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடும்.


பிறை ரிப்பேர்:

நான் மெஷின் பழுது பார்க்கிறவன், எதை வாங்கு என்று சொல்ல மாட்டேன். எது என் மேசைக்கு வருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அதிகம் வருவது இடி. குறிப்பாக கே.எல். பக்கம், கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி அதிகம் விழும் இடங்களில் ஒன்று. மழை கறுத்தால் பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரௌட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்கு. ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் ஏறாது, உண்மைதான். ஆனால் ரௌட்டர் சுவர் பிளக்கில்தானே இருக்கிறது. அங்கே ஏறி லேன் கேபிள் வழியாகப் பிசிக்கு வந்துவிடும். நெட்வொர்க் போர்ட் மட்டும் கருகி வரும் பிசிகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

அடுத்தது கரப்பான் பூச்சி. கன்சோல் உள்ளே பவர் சப்ளை பக்கம் கதகதப்பாக இருக்கும், குடும்பமே நடத்தும். டிவி அலமாரிக்குள் திணித்து வைக்காதே, சமையலறை பக்கம் வைக்காதே. தூசியும் அப்படியே. ஏர்கான் சர்வீஸ் தம்பி, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் புளோயரை எடுத்து அடி, ஆனால் காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு அடி, தாறுமாறாகச் சுற்ற விடாதே.

பேர் தெரியாத மலிவு பவர் சப்ளை போட்ட பிசியை யாராவது விற்றால், கணக்கில் புது பவர் சப்ளை விலையையும் சேர்த்துக்கொள். அது போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும்.


ஜெலுத்தோங் ஜாய்ஸ்டிக்:

தம்பி, உன் தங்கச்சிதான் இந்த இழையிலேயே தெளிவாகப் பேசியிருக்கிறாள். அவளுக்கு என் பாராட்டைச் சொல்.

டோட்டா என்றதும் முடிவு வந்துவிட்டது, அது கன்சோலில் இல்லை. பூச்சோங் தங்கச்சி சொன்னதுபோல பிசிதான். ஆனால் தங்கச்சியின் நிபந்தனைக்கு ஒரு வழி சொல்கிறேன். பிசியை ரூமில் வைக்காதே. ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை போட்டு வை. கிராபிக்ஸ் கார்டில் ஒன்றுக்கு மேற்பட்ட திரையை மாட்ட இடம் இருக்கும். மேசையில் மானிட்டர், டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள். சனிக்கிழமை ராத்திரி மானிட்டரில் டோட்டா, மற்ற நேரம் டிவியில் இரண்டு கண்ட்ரோலர். ஸ்டார்டியூ வேலியில் ஒரே திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடும் வசதி 2020 டிசம்பரில் வந்த 1.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அந்த விளையாட்டை முதலில் ஒரே ஆள் உட்கார்ந்து செய்தார், படம், இசை, எல்லாம். அதற்குக் கொடுக்கும் காசு தகும்.

வாங்க வேண்டியது: பழைய முழு பிசி. ரைசன் 5 5600 பிராசசர், 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, இந்த மாதிரி ஒன்று. துண்டு துண்டாகப் புதிது வாங்கிச் சேர்க்க இது நேரமில்லை. ஏஐ சர்வர்களுக்கு மெமரி போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. மைக்ரான் கம்பெனிக்கு இங்கே பத்து காவானில் தொழிற்சாலை இருக்கிறது, அவர்களே குரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்ற ரேமை நிறுத்தப்போகிறோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். முழு பிசியாக வாங்கினால் ரேம் அதோடு வந்துவிடும்.

8 ஜிபி கார்டு குப்பை என்று சொன்னவர் 4கே திரையை வைத்துப் பேசியிருப்பார். 1080பி மானிட்டரில் புது விளையாட்டு ஏதாவது திணறினால் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கு, ஓடிவிடும். டோட்டாவும் ஸ்டார்டியூவும் அந்த 8 ஜிபி அளவை நிமிர்ந்துகூடப் பார்க்காது. ஆர்எக்ஸ் 6600இல் எனக்குப் பிடித்தது அது குடிக்கும் மின்சாரம், 132 வாட்தான். சூடு குறைவு, காற்றாடி கத்தாது, 550 வாட் நல்ல பவர் சப்ளை தாராளமாகப் போதும். ஹாலில் அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஜெட் விமானம் கிளம்பக் கூடாது அல்லவா.

பிசிக்கு 2,000 வெள்ளி என்று மனதில் ஒரு கோடு போட்டுக்கொள். மானிட்டருக்கு 500. அதை மட்டும் புதிதாக வாங்கு, 24 அங்குலம், ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். மிச்சத்தில் இரண்டு கண்ட்ரோலர், ஒரு சர்ஜ் புரொடெக்டர், ஒன்றிரண்டு விளையாட்டு. தவணை பேசுகிறவரிடம் நின்றுகூடப் பேசாதே.

பார்க்கப் போகும்போது விற்பவர் வீட்டிலேயே ஓட்டிக் காட்டச் சொல். ‘பிளக் போட்டால் லைட் எரிகிறது’ என்பது சோதனை இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல். மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெபாசிட்டரில் ஏதாவது தலை உப்பியிருக்கிறதா பார். ஸ்குரூக்களில் துரு இருந்தால் அந்த மெஷின் ஈரத்தில் கிடந்திருக்கிறது. கார்டின் பின்பக்கம் எண்ணெய் கசிந்த மாதிரிப் பளபளப்பு இருக்கலாம். அது பெரும்பாலும் தெர்மல் பேடிலிருந்து வடிவது, ரொம்ப நாள் சூட்டில் வெந்ததற்கு அடையாளம். எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு, ராப்பகலாகச் சுரங்கம் வெட்டிய கார்டுகள் கூட்டம் கூட்டமாகப் பழைய சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை இல்லை. ஆனால் காற்றாடியின் பேரிங் தேய்ந்திருக்கும். மெஷின் நின்றபிறகு காற்றாடியை மெல்லச் சுண்டிப் பார், கரகரவென்றால் விலையைக் குறைத்துக் கேள். அப்புறம் கிராபிக்ஸ் கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் போட்டு ஒரு கால்மணி நேரம் ஓட விடு. அந்த நேரத்தில் விற்பவரிடம் ஏன் விற்கிறீர்கள் என்று பேச்சுக் கொடு. திரையில் புள்ளி புள்ளியாக வந்தாலோ, தானாக அணைந்தாலோ, கருகல் வாசம் வந்தாலோ, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பு. இன்னொரு பிசி நாளைக்கே வரும்.

பூச்சோங் தங்கச்சி, டிஸ்க் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். டோட்டாவை யாரும் நாளைக்கே மூடப்போவதில்லை, அதில் கிடைத்த கூட்டாளிகளை யாராலும் மூட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கம்பெனி தன் விளையாட்டை நிறுத்தும்போது தனியாக ஆடும் வழியையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.


பூச்சோங் மிட்லேன்:

அதில் நானும் உங்கள் பக்கம்தான் அண்ணே.

தம்பி, ஒரு சின்ன விஷயம். டோட்டாவுக்கு வைஃபை வேண்டாம், ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடு. சர்வர் தேர்வில் தென்கிழக்கு ஆசியா வை. என் வீட்டிலிருந்து சிங்கப்பூருக்கு 20 மில்லி விநாடிக்குள் போய் வருகிறது. ஆளில்லாத நேரத்தில் வேறு வட்டாரத்தில் தேடினால் மூன்று இலக்கத்துக்குப் போகும், அதில் ஆடி மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. பழைய கூட்டாளிகள் ஐந்தாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்றால் நீ அதிர்ஷ்டக்காரன்.


செந்தூல் ராத்திரி:

கேபிள் இழுப்பது எனக்குக் கைவந்த வேலை அக்கா. ரிப்பேர் அண்ணன் சொன்னதுபோல இடி வந்தால் அதையும் பிடுங்கிவிடுகிறேன். கெப்போங்கில் ஒருவர் கிட்டத்தட்ட அண்ணன் சொன்ன அதே மாதிரி பிசியை விற்கிறார், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரச் சொல்லியிருக்கிறார். பவர் சப்ளையின் படத்தைக் கேட்டு வாங்கினேன், பேர் தெரிந்த கம்பெனிதான். 

கடைசியாக ஒன்று மட்டும். ஸ்டார்டியூ தவிர, டிவியில் நானும் தங்கச்சியும் சேர்ந்து ஆட வேறு எதை வாங்கலாம்? அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். ஆடிப் பழக்கம் அவ்வளவு இல்லை.


ஜெலுத்தோங் ஜாய்ஸ்டிக்:

பாட்டு என்றால் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ். நம் ஊரிலேயே, மெட்ரோனோமிக் என்ற ஸ்டூடியோ செய்து 2020இல் வெளியிட்டது. அதை வழிநடத்திய வான் ஹஸ்மர் முன்பு ஜப்பானில் ஃபைனல் ஃபாண்டஸி 15இல் வேலை செய்தவர். ஒரு பெண் கிட்டார், ஓர் ஆண் டிரம்ஸ், இரண்டு பேர் சேர்ந்து ஒரு நகரத்தையே பிடித்து வைத்திருக்கும் இசைக் கம்பெனியை எதிர்க்கிறார்கள். ஒரே திரையில் இருவர் ஆடலாம். எதிரிகள் தாளத்துக்கு அடிப்பார்கள், காது நன்றாக இருந்தால் கை தானாக வரும், அதனால் உன் தங்கச்சி உன்னைவிட நன்றாக ஆட வாய்ப்பு இருக்கிறது. நடுவில் டிரம்ஸ்காரனின் அண்ணன் வந்து மலாயில் ராப் பாடிச் சண்டைக்கு நிற்பான், வாயாங் கூலிட் நிழல்கள் ஆடும். அந்தக் கட்டத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்து ஆடுங்கள்.

விளையாட்டு ஸ்டீமில் இருக்கிறது. அவசரமில்லை என்றால் ஆசைப்பட்டியலில் போட்டு வை, தள்ளுபடி வரும்போது சொல்லும். அது வரைக்கும் ஓவர்குக்டு 2 போதும், சமையலறையில் இரண்டு பேரும் கத்திக்கொண்டே ஆடுவீர்கள், ஆடிப் பழகாதவர்களுக்கும் உடனே பிடிபடும்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் முன் ஒரு யூஎஸ்பியில் ஃபர்மார்க்கை எடுத்துக்கொள். அங்கே போய் அவர் வீட்டு இணையத்தில் இறக்கக் காத்திருக்க வேண்டாம்.